புத்தலப்பட்டில் எந்தப் பக்கம் நிற்பது

எனக்கு நடந்த வழியனுப்பு விழாவில் உங்களில் ஒரு பெண் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "மேடம், ஒரு பிள்ளைய வீட்டுக்கு அனுப்பறதா, வாரா வாரம் வரச் சொல்றதா, வார்டுல சேக்கறதான்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?" நான் சிரித்துக்கொண்டே, "அதான் ஃபாரம் இருக்குதே, கட்டம் கட்டமா போட்டிருக்குது, நிரப்பினா தானா தெரிஞ்சிடும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் சமோசா வந்துவிட்டது.

நான் அன்றைக்குத் தப்பித்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண் அவ்வளவு சரியாகக் கை வைப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒழுங்காகப் பதில் சொல்வதென்றால், கழுத்தில் மாலையோடு நின்றுகொண்டு நான் செய்த ஒரு பெரிய தப்பைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத் தைரியம் வரவில்லை. இப்போது வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசிவரை படித்த பிறகு நினையுங்கள்.

நான் வேலை பார்த்தது சித்தூரில், ஒரு மருத்துவமனையின் பின்பக்கத்து அறையில். பிள்ளைகளோடு பேசுவதும் அவர்களைப் பெற்றவர்களோடு பேசுவதும்தான் வேலை. மனநல டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நானும் ஒரு மேஜையும் மூன்று நாற்காலிகளும்தான். எங்கள் கையில் இருந்தவை மூன்று படிகள். பிள்ளை ஊரிலேயே இருக்கட்டும், டீச்சரிடம் சொல்லிவைத்துவிட்டுப் போனில் விசாரிப்போம் என்பது முதல் படி. வாரா வாரம் சித்தூருக்கு வரட்டும், தேவைப்பட்டால் மாத்திரையும் கொடுப்போம் என்பது இரண்டாவது. மூன்றாவது படி திருப்பதி. எங்களிடம் பிள்ளைகளுக்குப் படுக்கை இல்லை, அங்கே உண்டு.

மூன்றே படிதானே என்று தோன்றும். வேலைக்கு வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு பிள்ளையைக் கீழ்ப்படியிலேயே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. மேல்படிக்கு ஏற்றிவிட்டுப் போனாலும் இறங்காது. வேலையில் இருந்த காலம் முழுக்க நான் நிம்மதியாகச் சாப்பிட்டது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் போன் அடிக்காத ஞாயிறு.

முதலில் ஏர்பேடு பக்கத்துப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அவன் இல்லாமல் மற்றது புரியாது. பதினொரு வயது. அப்பா இறந்து ஒரு மாதம். பேசவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை, மூலையில் உட்கார்ந்திருந்தான். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவிடம் பத்து நிமிஷம்கூடப் பேசாமல், அவனிடம் ஒன்றுமே சொல்லாமல், அன்றே திருப்பதிக்குச் சீட்டு எழுதிவிட்டேன். அவனுக்கு வேண்டியிருந்தது அழுவதற்குக் கொஞ்சம் நாளும், கூட உட்கார ஒரு ஆளும். கிடைத்ததோ யாரையும் தெரியாத ஒரு வார்டு. எட்டு நாள் கழித்து ஊருக்குத் திரும்பியபோது மற்ற பிள்ளைகள் அவனோடு விளையாட வரவில்லை. அம்மா அவனை மறுபடி எங்களிடம் அழைத்து வரவேயில்லை. நானே தேடிப் போனேன். கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே, "மா பாபு பாகுன்னாடு, வெள்ளண்டி" என்றாள். எங்கள் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான், போங்கள் என்று அர்த்தம். நான் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு நான் மாறினேன். அவசரப்பட்டு யாரையும் மேலே ஏற்றுவதில்லை என்று வைராக்கியம் வைத்துக்கொண்டேன். அதை அனுபவம் என்று வேறு பெயர் சூட்டி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் அது அந்தக் கதவின் முன்னால் பட்ட அவமானம்தான்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். நான் சேர்ந்தபோது எனக்கு மேலே ஒரு அம்மா இருந்தார். எல்லோருக்கும் அவர் பெரிய மேடம். கடுகடுவென்ற முகம். நான் எழுதிய குறிப்புகளையெல்லாம் சிவப்புப் பேனாவால் அடிப்பார். எங்கள் ஃபாரத்தின் ஓரத்தில் அவரே கோடு போட்டு ஒரு கட்டத்தைச் சேர்த்திருந்தார். அதன் தலைப்பு "பிள்ளை சொன்னது". அதில் பிள்ளை சொன்னதை, சொன்ன பாஷையிலேயே, ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுத வேண்டும். நமக்கு என்ன புரிந்தது என்பதைப் பக்கத்துக் கட்டத்தில் தெலுங்கில் எழுதிக்கொள்ளலாம். "மொதல்ல பிள்ள வாய். அப்பறம் உன் மூள" என்பார். எனக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது. அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கட்டத்தை ஆட்கள் போன பிறகு, கை ஒழிந்தபோது நிரப்புவதைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

இப்போது யாமினி. பெயரை மாற்றியிருக்கிறேன். பதிமூன்று வயது, எட்டாம் வகுப்பு. நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். ஐந்தாவது வரை தமிழில் படித்தவள். அப்பா புத்தலப்பட்டுப் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துக் குடிவந்ததால் இங்கே தெலுங்குப் பிள்ளைகள் நடுவில் வந்து உட்கார்ந்தாள். அவள் தெலுங்கு பேசினால் வகுப்பே சிரிக்கும். "அரவப் பிள்ள" என்று பெயர் வைத்துவிட்டார்கள். தெலுங்கில் தமிழுக்கு அரவம் என்று பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். "எங்க தமிழ் புக்குல அரவம்னா பாம்பு மேடம்" என்று முதல் நாள் என்னிடம் சொன்னாள். அன்று அவள் சொன்ன நீளமான வாக்கியம் அது ஒன்றுதான்.

அவளுடைய அப்பா அறைக்குள் வந்தால் உட்காரமாட்டார், கதவோரம் நிற்பார். "இன்னா ஆச்சின்னே தெரியல மேடம். சரியா துன்றதில்ல, தூங்கறதில்ல. ஸ்கூலுன்னா வயித்த வலிக்குதுன்னு படுத்துக்கினே கீறா. வூட்லயும் பேச்சு நின்னு போச்சி" என்றார். இரண்டாவது படி என்று முடிவு செய்தேன், வாரா வாரம் வியாழக்கிழமை. நான் கொடுத்த ஒரு பச்சைப் பென்சிலால் ஏதாவது வரைந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். மூன்றாவது வாரம் டாக்டர் பார்த்துவிட்டு மாத்திரை தொடங்கலாம் என்றார். அப்பா தயங்கினார், அவள் பதிலே சொல்லவில்லை. நாலாவது வாரம் மறுபடி பேச்சு குறைந்தது. மேலே ஏற்ற வேண்டுமோ என்று அப்போது எனக்குள் ஒரு எண்ணம் வந்தது. வந்ததும் ஏர்பேட்டுக் கதவு ஞாபகம் வந்தது. எண்ணத்தை ஒதுக்கிவிட்டேன்.

ஐந்தாவது வியாழக்கிழமை. தை மாதம், மாமரங்கள் பூவெடுக்கும் சமயம். அப்பா வந்ததும் வராததுமாக, "மேடம், கொஞ்சம் சீக்கிரமா உட்ருங்க. தோப்புல பூவு எடுத்துகீது, மருந்தடிக்கணும்" என்றார். வெளியே கூட்டம் வேறு. யாமினி தலையை வழித்து வாரி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு பிள்ளை தேறிவிட்டது என்று கேட்க நமக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

"டாக்டர் சொன்ன மருந்து பத்தி இன்னா நெனச்ச யாமினி? எடுத்துக்கறியா?" என்று கேட்டேன்.

"மருந்து குடிச்சிட்றேன் மேடம்" என்றாள். "அப்பறம் எல்லாருக்கும் நிம்மதியா இருக்கும்."

"அதான் சரி. நல்ல பொண்ணு."

அவள் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். "சரிங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"சரிம்மா. ரொம்ப சரி" என்று கன்னத்தைத் தட்டினேன்.

ஃபாரத்தில் தெலுங்கில், மாத்திரைக்கு ஒப்புக்கொண்டாள், நல்ல முன்னேற்றம் என்று எழுதினேன். டாக்டர் வரும் நாளில் வந்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், என்னைப் பார்க்க இனிமேல் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும் என்று அப்பாவிடம் சொன்னேன். அதாவது அவளைப் பாதிப் படி கீழே இறக்கினேன். அப்பா என்னைக் கும்பிட்டார். யாமினி போகும்போது அந்தப் பச்சைப் பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து டம்ளரில் போட்டு வைத்தேன்.

கூட்டம் குறைந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. காலியாக விட்ட கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தேன். யாமினியின் ஃபாரம். பிள்ளை சொன்னது. தமிழ் எழுத்தில், அவள் சொன்ன மாதிரியே எழுதினேன்: மருந்து குடிச்சிட்றேன் மேடம், அப்பறம் எல்லாருக்கும் நிம்மதியா இருக்கும். எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனவள் மூடவில்லை.

நானும் இந்த ஊர்க்காரிதான். புத்தூர்ப் பக்கத்தில் பிறந்தவள். எங்கள் ஊர்களில் மாத்திரையைப் போட்டுக்கொள்வார்கள், முழுங்குவார்கள். யாரும் குடிக்கமாட்டார்கள். ஒரு பெண்ணைப் பற்றி "மருந்து குடிச்சிட்டா" என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் கேட்ட கேள்வியில் மருந்து என்ற சொல் இருந்தது, அவள் பதிலிலும் அது இருந்தது, அதோடு என் காது மூடிக்கொண்டுவிட்டது. குடிச்சிட்றேன் என்பதை நான் கேட்கவேயில்லை. ஆபீஸில் தெலுங்கிலேயே யோசித்து யோசித்து, வீட்டு பாஷையை நான் பாதிக் காதால்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கதவோரம் நின்று அப்பா சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தோப்புக்கு மருந்தடிக்கணும். வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறது.

அப்பாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். பஸ் சத்தத்தில் கேட்காமல் இருக்கலாம். அவசரத்தில் ஒரு தடவை தப்பான நம்பரைப் போட்டு யாரோ ஒருவரிடம் திட்டு வாங்கினேன். ரிஜிஸ்டரின் பின் அட்டையில் ஊர் ஊராகச் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா ஒர்க்கர்களின் நம்பர்களை எழுதி வைத்திருந்தேன். அந்த ஊர்க்காரி முனெம்மா. ஒரு பயிற்சி வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழு நேரமும் தூங்கியவள். அவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

பயத்தில் என் வாயில் ஊர்ப்பேச்சு தானாக வந்தது. "முனெம்மா, தோப்பு வூட்டு யாமினி தெரியுமா? அவளாண்ட போ. இப்பவே. மருந்து டப்பாலாம் எங்க கீதோ அந்தப் பக்கம் அவள உடாத. ஒண்ணும் கேக்காத, திட்டாத. நான் வர வரிக்கும் பக்கத்த உட்டு நகராத."

அவள் ஏன், என்ன என்று கேட்கவில்லை. "சரே மேடம், போய்க்கினே கீறேன்" என்றாள். அவளைப் பற்றி அதுவரை நான் நினைத்திருந்ததற்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நாலாவது தடவை அப்பா எடுத்தார். "ஆலோ, மேடமா? பஸ்ஸு எறங்கிட்டோம். நான் மருந்துக் கடையாண்ட நின்னுக்கினு கீறேன். அவ முன்னாடி வூட்டுக்குப் போய்ட்டா."

"யாமினி நைனா, கடைய உடுங்க. வூட்டுக்கு ஓடுங்க."

"இன்னா மேடம் சொல்றீங்க?"

சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். சொன்னால் பதறுவார். சொல்லாவிட்டால் நடந்து போவார். "காலைல அவ சொன்னத நான் தப்பா கேட்டுட்டேன். அவ அந்த மருந்த குடிக்கப் போறான்னு பயமா கீது."

அவர் போனை அணைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார் போலிருக்கிறது. செருப்புச் சத்தமும், மூச்சு வாங்குவதும், யாரோ "இன்னாப்பா" என்று கேட்பதும் எனக்குக் கேட்டுக்கொண்டேயிருந்தன. அதைக் காதில் வைத்தபடியே ரோட்டுக்கு வந்து, திருப்பதி போகும் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே காசை நீட்டினேன். வழியில் ஒரு இடத்தில் லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த அரை மணி நேரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் மாமரத்து நிழலில் கட்டில் போட்டிருந்தது. அதில் யாமினியும் முனெம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். முனெம்மாவின் தடுப்பூசி நோட்டு யாமினியின் மடியில் இருந்தது. "கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன், இந்தப் பேருங்கள கொஞ்சம் எழுதிக் குடு கண்ணு" என்று அவளை எழுத வைத்திருந்தாள். கண்ணாடி முனெம்மாவின் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. யாமினி குனிந்து தெலுங்கில் குண்டு குண்டாக எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தோப்பில் வேலையாக இருந்த அவள் அம்மாவும் ஓடி வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா மருந்து டப்பாக்களையெல்லாம் கோணியில் கட்டி வேறொருவர் ஷெட்டுக்குக் கொண்டு போய்விட்டார். யாமினி எதையும் தொடவில்லை. முனெம்மா வந்தபோது பாடப் புத்தகங்களைத் தம்பிக்கு என்று பேர் எழுதி அடுக்கிக்கொண்டிருந்தாளாம்.

நான் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தக் கேள்வியை நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே போட்டுவிடுவோமோ என்று உங்களுக்குப் பயமிருக்கும். எனக்கும் வெகுநாள் இருந்தது. நாம் கேட்பதால் வருவதில்லை அந்த எண்ணம். கேட்காவிட்டால் பிள்ளை அதனோடு தனியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

"சாகணும்னு நெனச்சியா கண்ணு?"

"ஆமா மேடம்" என்றாள். அழவில்லை. என்னைக் கொஞ்சம் குழப்பத்தோடு பார்த்தாள். "காலைல உங்களாண்ட சொன்னனே. நீங்க சரின்னு சொன்னீங்களே."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் அன்றைக்கு மேடையில் என்னால் சொல்ல முடியவில்லை. அவள் சொன்னாள், சரியா என்று கேட்கவும் கேட்டாள். நான் இரண்டு தடவையும் சரி என்றேன், கன்னத்தை வேறு தட்டினேன்.

"நான் தப்பா கேட்டுட்டேன்மா" என்றேன். "நீ மாத்திரைய சொல்றன்னு நெனச்சிக்கினேன். நான் சரின்னு சொன்னது அதுக்கு. இதுக்கு எந்தக் காலத்துலயும் சரின்னு சொல்ல மாட்டேன்."

"அப்போ நீங்க சொல்லலியா?"

"சொல்லல."

அப்புறம்தான் அவள் அழுதாள். அந்த ஐந்து வாரத்தில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். முனெம்மா நோட்டை மெதுவாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எல்லோரும் தோப்பிலிருந்து ரோட்டுக்கு நடந்து வந்தோம். புத்தலப்பட்டு உங்களுக்குத் தெரியும். ரோட்டின் ஒரு பக்கம் நின்றால் சித்தூர் பஸ், எதிர்ப்பக்கம் நின்றால் திருப்பதி பஸ். கையில் துணிப்பையோடு நின்ற அப்பா என்னைப் பார்த்து, "எந்தப் பக்கம் நிக்கறது மேடம்?" என்று கேட்டார்.

ஏர்பேட்டுப் பையன் என் மனக்கண்ணில் வந்து நின்றான். காலையில் செய்த தப்புக்குப் பயந்து இப்போது மேலே ஏற்றுகிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். போன தடவை செய்த தப்புக்கு இந்தத் தடவை இன்னொரு பிள்ளையை வைத்துப் பரிகாரம் தேடுவது நம் வேலையில் ரொம்பச் சுலபமாக நடக்கும். அதனால் அவனையும் காலையையும் தள்ளி வைத்துவிட்டு, எதிரில் நிற்கிற பெண்ணை மட்டும் பார்த்தேன். இவள் எவ்வளவு சோகமாக இருக்கிறாள் என்று பார்க்கவில்லை, அதைப் பார்த்தால் ஏமாந்துபோவோம், காலையில் சிரித்துக்கொண்டுதானே வந்தாள். இன்றைக்கு ராத்திரி இவள் வீட்டில் பத்திரமாக இருப்பாளா என்று பார்த்தேன். சுற்றிலும் தோப்பு, ஷெட்டுக்கு ஷெட்டு மருந்து. அம்மா விடியும் முன் வேலைக்குப் போய்விடுவாள். இன்னும் அப்படித் தோன்றுகிறதா என்று கேட்டதற்கு, தெரியல மேடம் என்று அவளே சொன்னாள். கண்ணை எடுக்காமல் கூட இருக்க வீட்டில் ஆள் இருந்து, இனி அப்படித் தோன்றாது என்று அவளும் சொல்லியிருந்தால் நான் சித்தூர்ப் பக்கம் நின்றிருப்பேன்.

"திருப்பதி பக்கம்" என்றேன். ரோட்டைக் கடந்தோம்.

பஸ் வரும்வரை யாமினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே படுக்கை எப்படி இருக்கும், அம்மா கூடவே படுத்துக்கொள்ளலாம், சிலர் அழுவார்கள், கத்துவார்கள், அவர்களும் உடம்பு சரியில்லாதவர்கள்தான், சரியானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏர்பேட்டுப் பையனிடம் இதில் ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை. திருப்பதி வரை கூடவே போனேன். அங்கிருந்த டாக்டரிடம் கொடுத்த கடிதத்தில் காலையில் நடந்ததை அப்படியே எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டு, "இதை நீங்களே எழுதிக் கொடுக்கறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அதைக் கோப்பில் வைத்துவிட்டு யாமினியை உள்ளே கூப்பிட்டார்.

இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக அங்கே இருந்தாள். அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஏற்றியதைவிட இறக்கியதில்தான் எனக்குப் பயம் அதிகம். முதலில் வாரத்துக்கு இரண்டு தடவை சித்தூர், பிறகு வாரத்துக்கு ஒன்று. நடுவில் ஒரு மோசமான வாரம் வந்தது, மூன்று நாள் மறுபடி திருப்பதி. அப்பா இடிந்து போனார், நாம் தோற்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். தோற்கவில்லை, மாடியில் ஏறி இறங்குகிற மாதிரிதான், இன்னொரு தடவை ஏறுகிறோம் என்று சொன்னேன். அப்படிச் சொன்ன எனக்கே அன்று சோறு இறங்கவில்லை. மருந்து டப்பாக்கள் வேறொருவர் ஷெட்டில், வேறொருவர் சாவியில் இருந்தன. பள்ளிக்கூடத்துக்கு நான் நாலு தடவை போனேன். வகுப்பு டீச்சர் நல்லவர். அந்தப் பட்டப்பெயரை வகுப்பில் நிறுத்திவிட்டு, யாமினியை முன்பெஞ்சுக்கு மாற்றினார்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலையில் அப்பா ரோட்டில் நின்றுகொண்டு போன் செய்வார். "மேடம், இன்னிக்கி எந்தப் பக்கம்?" இந்த வாரம் எப்படித் தூங்கினாள், என்ன தின்றாள், என்ன சொன்னாள் என்று கேட்டுவிட்டு, பிறகு அவளிடமும் பேசிவிட்டு, பக்கத்தைச் சொல்வேன். முடிவு என்பது அதுதான். ஒரு தடவை எடுத்துக் கோப்பில் வைப்பது கிடையாது. ஒவ்வொரு வாரமும் ரோட்டில் நின்று புதிதாகக் கேட்க வேண்டும்.

ஏர்பேட்டுக் கதவு இன்னும் திறக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. இப்போதும் வியாழக்கிழமை காலையில் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். யாரும் கூப்பிடப் போவதில்லை என்று தெரியும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் யாமினி கடைசியாக என் அறைக்கு வந்தாள். பத்தாம் வகுப்பு. மாத்திரை பாதியாகக் குறைந்திருந்தது. வழக்கம்போல் அப்பா கதவோரம் நின்றார். "மாத்திரைலாம் எப்படி போய்க்கினு கீது?" என்று கேட்டேன். அவள் ஃபாரத்தைத் தன் பக்கம் திருப்பினாள். டம்ளரில் இருந்த பச்சைப் பென்சிலை எடுத்து, பிள்ளை சொன்னது என்ற கட்டத்தில் அவளே தமிழில் எழுதினாள்: மாத்திரை போட்டுக்கறேன் மேடம். போட்டுக்கறேன் என்பதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.

"சரிங்களா மேடம்?" என்றாள்.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். பிறகுதான் சரி என்றேன்.

போகும்போது பென்சிலைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனாள்.